ஆயுத பூஜையில் வைத்த கம்பு

எனக்கு முன்கோபம் அதிகம். கை முதலில் போகும். வாய் பிறகுதான் வந்து சேரும். பருத்தி மூட்டையில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியவனை அடித்திருக்கிறேன். ரயிலடியில் என் தகப்பனாரைப் பிடித்துத் தள்ளிய ஒருவனைப் பிளாட்பாரத்திலேயே உருட்டி உருட்டி அடித்திருக்கிறேன். அடித்துவிட்டு வருத்தப்படுகிற பழக்கமும் எனக்குக் கிடையாது. இப்படிப்பட்டவனுடைய கை அவசரப்படாமல், நடுங்காமல், பூக்கட்டுகிற கை போல நிதானமாக வேலை செய்த இடம் ஒன்று உண்டு. பில்லியர்ட்ஸ் ஆடுகிற கம்பின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் வில்லைதான் அது. சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும்.

சங்கரன்கோவிலில் பில்லியர்ட்ஸா என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ரயிலடிக்குப் போகிற ரோட்டில், பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. வக்கீல்களும் கமிஷன் கடைக்காரர்களும் நிலபுலம் உள்ளவர்களும் சாயங்காலம் கூடுகிற கிளப் அது. சிவகிரிப் பக்கம் ஒரு பங்களாவில் தூசி படிந்து கிடந்த மேஜையை வாங்கி, அதன் கற்பலகைகளை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டிகளில் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது ஒரு பலகை நழுவி வண்டிக்காரர் ஒருவரின் பாதத்தை நசுக்கியது. ரத்தம் பார்த்துத்தான் அந்த மேஜை ஊருக்குள் வந்தது.

நான் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. எங்கள் முதலாளிதான் கிளப்புக்குத் தலைவர். எங்கள் சாதிக்குள் குடும்ப வழக்கு எதுவானாலும் அவரிடம்தான் போகும். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் தயவில் நானும் கிளப்பில் ஆடப் பழகினேன். ஆட்டம் சுமாராகத்தான் வந்தது. தோல் வேலை கையோடு ஒட்டிக்கொண்டது.

யுத்தத்தில் சீமைத் தோல் வரத்து நின்றுபோயிற்று. கம்புகள் மொட்டையாகக் கிடந்தன. நான் ஜின்னிங் பாக்டரியில் அறுந்துபோன பெல்ட்டுத் தோலைக் கேட்டு வாங்கிவந்தேன். அதை வட்டமாக வெட்டி, இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். நன்றாக அடி வாங்கினால்தான் தோல் இறுகும். அடி போதாத தோல் கொஞ்ச நாளில் காளான் மாதிரி ஓரம் பிதுங்கி நிற்கும். வில்லையின் அடிப்பக்கத்தையும் கம்பின் பித்தளைப் பூணையும் அரத்தால் ஒரே மட்டமாகத் தேய்த்து, தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசையைச் சூட்டோடு தடவி ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். மறுநாள் கம்பைத் தலைகீழாக நிறுத்தி, தோலைப் பலகையில் அழுத்திக்கொண்டு, பூணுக்கு வெளியே நிற்கும் தோலைச் சவரக்கத்தியால் சுற்றிலும் சீவ வேண்டும். பிறகு உப்புத்தாளால் தேய்த்துக் கவிழ்த்த கிண்ணம் போலக் குவிப்பேன். ஓரத்தில் எச்சில் தொட்டு, வேறொரு தோல் துண்டால் சூடு ஏறும்வரை தேய்த்தால் ஓரம் கறுத்துப் பளபளக்கும். மேல்பக்கம் மட்டும் பளபளக்கக் கூடாது. அதை அரத்தால் லேசாகக் கொத்திவிடுவேன். அந்தச் சொரசொரப்பில்தான் சாக்கட்டிப் பொடி பிடிக்கும். பொடி பிடிக்காத தோல் பந்தில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போகும்.

இந்த வேலையெல்லாம் வீட்டு முற்றத்தில்தான் நடக்கும். நான் சீவும்போது கம்பு ஆடாமல் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது என் தங்கையின் வேலை. எனக்கும் அவளுக்கும் அதில் பேச்சே தேவைப்படாது. எண்ணெய்க் கையோடு அவள் பக்கத்தில் வந்தால் மட்டும் ஏசுவேன். அவள் போய்ச் சீயக்காய் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, முகர்ந்து பார் என்று என் மூக்கில் விரலைத் தேய்ப்பாள்.

அவளைக் கட்டிக்கொடுத்தது மேலநீலிதநல்லூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில். கரிசல் காடு, பருத்தி, மிளகாய், நாலு ஜோடி மாடு. மாப்பிள்ளை ஆள் நல்ல உயரம். யாரைப் பார்த்தாலும் கும்பிடு, சிரிப்பு. கிளப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். சொந்தமாக ஒரு கம்பு வாங்கி, வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் கம்பின் தோல் என்னிடம் வந்தபடியே இருந்தது. மற்றவர்களின் வில்லை ஒரு வருஷம் தாங்கினால் அவருடையது இரண்டு மாசத்தில் சப்பிப்போகும். பந்தை அவர் தள்ளவில்லை, குத்தினார். முகத்தில் சிரிப்பு மாறாமலே குத்தினார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

ஆவணி மாசம் ஒருநாள் வழக்கம்போலக் கம்பைக் கொண்டுவந்தார். நான் ஓரம் பிதுங்கிய தோலைச் சீவிவிட்டு, கம்பைத் திருப்பித் தடித்த முனையைத் துடைத்தேன். அங்கே மரத்தில் மெல்லிய விரிசல். அந்த விரிசலுக்குள் பச்சைக் கண்ணாடி வளையல் சில்லு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. ஆடித்தபசுக்கு என் தங்கைக்கு நான் வாங்கிப் போட்ட வளையலும் அதே பச்சைதான்.

கையில் சவரக்கத்தி இருந்தது. அதை மடக்கிக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ன மாப்பிள்ளை இது?"

அவர் குனிந்து பார்த்தார். சிரித்தார். "பொம்பளை கையில வளையல் ஒடையாமலா இருக்கும் மச்சான்? நீரு என்னவே, போலீஸ்காரன் மாதிரி கேக்கீரு" என்றார். சில்லை நகத்தால் நோண்டி எடுத்துச் சுண்டி எறிந்துவிட்டு, கம்பை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். மாப்பிள்ளை காட்டுக்குப் போயிருந்தார். தங்கை தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். நான் கையைப் பிடித்து விலக்கிப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே கம்பின் கனத்தில் வரிவரியாகத் தடிப்புகள். பழையது மஞ்சளாகவும் புதியது கறுப்பாகவும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

"எங்க இருக்கான் அவன்? காட்டுலயே வச்சு..."

"அண்ணே, சத்தம் போடாத" என்றாள். "நீ அடிச்சிட்டுச் சைக்கிள்ல ஏறிப் போயிருவ. கதவை அடைச்ச பொறவு எனக்கு யாரு இருக்கா? அதுக்கும் சேத்து நான்தான் வாங்கணும்."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத?"

"அப்பாகிட்ட சொல்லு. வண்டி கட்டிட்டு வந்து என்னையக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இங்கன கெடந்தா ஒருநாள் செத்துருவேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சாணிக்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். "வாழாம வந்தவள்னு பேராயிரும்லே" என்றார் கடைசியில். "அவரு குணத்தைப் பத்தி ஊரே நல்லாச் சொல்லுது. நாம போயி அடிச்சாரு கொன்னாருன்னா எவன் நம்புவான்? நாலு பேரு கண்ணால பாத்துச் சொல்லட்டும், அன்னைக்கே வண்டி கட்டுதேன்."

அண்ணாச்சியிடம் போனேன். அவர் கணக்குத் திண்டில் சாய்ந்தபடி என்னைக் கோபமாகப் பார்த்தார். "யாரு, அவரா? எறும்பை மிதிக்காம ஒதுங்கிப் போற மனுசன்வே அவரு. ஒம்ம கோபத்துக்கு ஊரெல்லாம் கோபக்காரனாத் தெரியும். கண்ணால பாக்காம ஒரு பெரிய குடும்பத்து மேல நான் வாய் வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் நாலு பேர் இல்லை. வளையல் சில்லுகூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் ஒரு பருத்தி மூட்டையைக் கொக்கியால் குத்திக் கிழித்தேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை கோயிலில் தங்கையைப் பார்த்தேன். மாமியார் பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்த கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. அப்பா சொன்னதையும் அண்ணாச்சி சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். நாலு பேர் பார்த்தால்தான் ஆகுமாம் என்றேன். அவள் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் உழவு செய்கிற சம்சாரி வீடுகளில் அன்றைக்கு எந்தக் கருவியும் வெளியே கிடக்காது. ஏர், மண்வெட்டி, அரிவாள், சாட்டை, மாட்டு வார், கமலைத் தோல் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். இரும்பு துருப்பிடிக்காமலிருக்க ஓர் எண்ணெய். தோல் வெடிக்காமலிருக்க விளக்கெண்ணெய். சாட்டைக்கும் வாருக்கும் செருப்புக்கும் விளக்கெண்ணெயைக் குடிக்கக் குடிக்கத் தேய்ப்பார்கள். அது பெண்களின் வேலை. மாப்பிள்ளையின் கம்பும் அந்த வரிசையில் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஆட்டம் அன்றைக்குத்தான். ஜெயிக்கிறவருக்கு மாலை போடுவார்கள். மாப்பிள்ளை வருஷா வருஷம் மனைவியைக் கோயிலுக்குக் கூட்டி வருகிற சாக்கில் வில்வண்டியில் வருவார். வண்டி கிளப் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். ஆட்டம் முடிகிறவரை தங்கை அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். அன்றும் அப்படித்தான். நான் போய் எட்டிப் பார்த்தேன். புதுச்சேலை கட்டியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணாச்சி உள்ள இருக்காவளா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறார் என்றேன்.

எதிராளி ஒரு வக்கீல். அண்ணாச்சி பிரம்பு நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். கம்பின் பூணில் குங்குமப் பொட்டு இருந்தது. மாப்பிள்ளை அதைத் துடைக்காமல், சிரித்துக்கொண்டே நுனிக்குச் சாக்கட்டி தேய்த்தார். நேர் அடியாக அடித்தவரை ஒன்றும் தெரியவில்லை. பந்தின் நடுவில் பட்டால் எண்ணெய்த் தோலும் அடித்துவிடும். பந்தின் ஓரத்தில் அடித்துச் சுழல விடவேண்டிய இடம் வந்தது. குனிந்தார், குத்தினார். கம்பு டக்கென்று வழுக்கியது. பந்து கோணிக்கொண்டு போய் மேஜையின் ஓரப் பலகையில் முட்டி நின்றது.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சாக்கட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தார். அடுத்த முறையும் வழுக்கியது. "நேத்துப் பூஜையில வச்ச கம்பு, இன்னைக்கு வேலை செய்யமாட்டேங்குது போல" என்றார் வக்கீல். கூட்டம் கொல்லென்றது. மாப்பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். உதடு மட்டும் சிரிப்பில் நின்றது. மூன்றாம் முறை அவர் தோள் பலம் முழுவதையும் கொடுத்துக் குத்தினார். நுனி பந்தின் மேல் வழுக்கிப் போய், பித்தளைப் பூண் பச்சைத் துணியில் இறங்கியது. சர்ரென்று ஒரு சாண் நீளத்துக்குத் துணி கிழிந்து, அடியில் கல் தெரிந்தது.

அவர் கம்பைத் தூக்கி நுனியைப் பார்த்தார். பொடி பிடிக்காமல் களிம்பாகக் குழைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். "விளக்கெண்ணெய்" என்றார் மெதுவாக. "வீட்டுல பூஜைக்குப் போட்டிருக்கா."

"செருப்புன்னு நெனச்சுட்டாகளோ என்னமோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு வந்த சிரிப்பு ஓட்டுக் கூரையைத் தூக்கியது. அண்ணாச்சிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாப்பிள்ளை கம்போடு வெளியே போனார். முகம் கழுவப் போகிறார் என்றுதான் நினைத்தோம். "ஏட்டி!" என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தக் குரலை அந்தக் கிளப்பில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. நாங்கள் வாசலுக்கு ஓடியபோது அவர் என் தங்கையின் கொண்டையைப் பிடித்து வண்டியிலிருந்து கீழே இழுத்துப் போட்டிருந்தார். கம்பைத் தடித்த முனையால் ஓங்கி அடித்தார். அவள் இடது கையை உயர்த்தித் தலையை மறைத்தாள். மணிக்கட்டில் விழுந்த அடியின் சத்தம், காய்ந்த பருத்திமாறு ஒடிகிற மாதிரி கேட்டது. அவர் நிறுத்தவில்லை. முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று. "என்னையக் கேலிப்பொருளாக்கிட்டியேட்டி, நாசமாப் போறவளே" என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தை. மாடுகள் மிரண்டு நுகத்தை இழுத்தன. அண்ணாச்சி குறுக்கே போய், "ஐயா, ஐயா, என்ன இது" என்று கையைப் பிடித்தார். மாப்பிள்ளை திரும்பிப் பாராமலே முழங்கையால் இடித்தார். அண்ணாச்சி மல்லாந்து சாணியில் விழுந்தார்.

அதற்குள் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தேன். கம்பைப் பிடுங்கினேன். அவர் என் கண்ணில் கட்டைவிரலை விட்டு நெரித்தார். நான் அந்தக் கையைக் கடித்தேன். என் வாயில் ரத்த ருசி வந்தது. வண்டிச் சக்கரத்தில் அவர் தலையை மோதினேன். விழுந்தவர் எழுந்திருக்கப் பார்த்தபோது கம்பால் முழங்காலில் அடித்தேன். கம்பு இரண்டாக முறிந்தது. கையில் மிஞ்சிய துண்டால் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகும் அடித்தேன். என்னை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் இழுக்கவில்லை. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. என் ஆயுளில் அடித்த அடிகளில் அவ்வளவு சந்தோஷமாக அடித்தது வேறு இல்லை.

அண்ணாச்சி எழுந்து, சாணி ஒட்டிய துண்டோடு தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவர் அழுதே விட்டார். "பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கவே" என்றார். "இனி அந்த வீட்டுப் படியை இவ மிதிக்கக் கூடாது. எவன் என்ன பேசினாலும் எங்கிட்ட வரட்டும்." அப்பா அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு போய் அவளுடைய பாத்திரம் பண்டங்களை எடுத்துவந்தார். ஊரில் ஒருவரும் வாழாமல் வந்தவள் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்தவர்களும் அண்ணாச்சியின் முகத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கை கூடிவர மாசக்கணக்கானது. கூடியும் கோணலாகத்தான் கூடியது. தை மாசம் முற்றத்தில் நான் வக்கீலுடைய கம்புக்குத் தோல் ஒட்டிச் சீவ உட்கார்ந்தபோது, அவள் தானாகவே வந்து கம்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பிடித்தாள். கோணிய இடது கையைச் சும்மா மேலே வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் அவள்மேலேயே பாய்ந்தேன்.

"அறிவு இருக்காட்டி ஒனக்கு? இத்தனை வருசம் எங்கூட ஒக்காந்து பாத்திருக்க. தோலுல எண்ணெய் படக்கூடாதுன்னு தெரியாதா? மாமியா சொன்னான்னா செருப்போட செருப்பா இதுக்கும் தேச்சு வைப்பியா?"

அவள் கம்பை ஆடாமல் பிடித்தபடியே சொன்னாள்.

"மாமியா இதை விட்டுரத்தான் சொன்னாவ. இது நான் தேச்சது."

நான் நிமிர்ந்தேன்.

"சாட்டைக்கு ஒருநாள்தான் தேச்சேன். இதுக்கு மூணு நாளு, அவிய காட்டுக்குப் போன பொறவு தேச்சுத் தேச்சு ஊற வச்சேன். நாலு பேரு பாக்கணும்னுதானே அப்பா சொன்னாவ? வீட்டுக்குள்ள வச்சு அடிச்சா எந்த நாலு பேரு வந்து பாக்கப் போறாவ? அவியளுக்குச் சிரிப்பு நிக்கணும்னா நாலு பேரு அவியளப் பாத்துச் சிரிக்கணும். அது எனக்குத் தெரியும். வெளிய வந்து என்னையத்தான் அடிப்பாவன்னும் தெரியும்." கோணிய கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "கை போவும்னு மட்டும் நெனைக்கலண்ணே."

கத்தி பூணைத் தாண்டிப் போய் என் கட்டைவிரலில் இறங்கியது. அந்த வேலையில் என் கை தவறியது அன்றைக்குத்தான். ரத்தம் வில்லையின் மேல் சொட்டித் தோலுக்குள் இறங்கியது. அவள் கம்பைத் திருப்பி நுனியைப் பார்த்தாள். இது இனி ஆகாது, வேறு வெட்டு என்று சொல்லிவிட்டு, விரலில் கட்டத் துணி எடுக்க உள்ளே போனாள்.